பேய் பிடித்ததா? பயம் பிடித்ததா?

நமது நாட்டில் ஒருவனுக்குக் கால் முறிந்தால் கட்டுப்போடுகிறவனைத் தேடுகிறார்கள். கண் மங்கினால் கண்ணாடி வாங்கிப் போட்டுக் கொள்ளுகிறார்கள். ஆனால், மனம் முறிந்தால் மாத்திரம் கோடாங்கியைத் தேடிக்கொண்டு ஓடுகிறார்கள். வியாதி காலில் இருந்தால் அது வியாதி, மனதில் இருந்தால் அது பேய் என்பதே நம் மக்களுடைய வைத்திய சாஸ்திரமாய் இருந்து வருகிறது. படித்தவன், படியாதவன், பணக்காரன், ஏழை என்கின்ற பேதம் எத்தனையோ விஷயங்களில் இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் எல்லோரும் ஒன்றாகவே இருக்கிறார்கள். ஆதலால் இவ்வாரம் இதைப்பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியது அவசியமென்று கருதுகிறோம். சிறப்பாக, இராஜபாளையம், சீவில்லிபுத்தூர் பக்கத்திலுள்ள சோழபுரம் முதலிய ஊர்த் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

அந்தப் பக்கத்தாரை ஏன் சிறப்பாய்ச் சொல்லுகிறோமென்றால், அவர்கள் வாழும் விருதுநகர் ஜில்லாதான் நாடெங்கும் தீபாவளிக்கு வெடிக்கும் பட்டாசைச் செய்து கொடுக்கின்ற ஜில்லா. 2012-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு விபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். 2021-ஆம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூருக்கு அருகில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். இவை இரண்டு மாத்திரமல்ல. சிறியதும் பெரியதுமாக இப்படிப்பட்ட விபத்து நடவாத வருஷமே அங்கு அபூர்வம். ஒவ்வொரு தடவையும் செத்தவர் கணக்கு பத்திரிகைகளில் வருகிறது. சர்க்கார் நஷ்டஈடு அறிவிக்கிறது. தலைவர்கள் அனுதாபம் தெரிவிக்கிறார்கள். பிறகு அடுத்த விபத்து வரையில் யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால், பக்கத்து அறையில் இருந்தவர்கள் எரிவதைப் பார்த்துக்கொண்டே பிழைத்து ஓடிவந்தார்களே, அவர்களை யார் கணக்கெடுத்தார்கள்? தாயைப் பறிகொடுத்த பிள்ளையின் இரவுத் தூக்கத்தை எந்தச் சர்க்கார் தஸ்தாவேஜில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறோம்.

அப்படித் தப்பிவந்த ஒரு பெண்ணுக்கு என்ன நேரிடுகிறது என்று பாருங்கள். அடுப்பில் விறகு படீரென்று வெடித்தால் அவள் உடம்பு தூக்கிப் போடுகிறது. கண்ணை மூடினால் அந்த நெருப்பே வருகிறது. வேலைக்குப் போன அந்த ரோட்டைக்கூடப் பார்க்க மாட்டேனென்கிறாள். மற்றவர் செத்துத் தான் மாத்திரம் பிழைத்தது பாவமென்று தன்னையே நொந்து கொள்ளுகிறாள். சிரிப்பதில்லை, தூங்குவதில்லை, தொட்டதற்கெல்லாம் சீறுகிறாள். உடனே வீட்டார் என்ன சொல்லுகிறார்கள்? உருமநேரத்தில் போனாள், காற்று அடித்துவிட்டது என்கிறார்கள். அல்லது, செத்துப்போனவள் வந்து பிடித்துக்கொண்டாள் என்கிறார்கள். கோடாங்கி வருகிறான். சேவலும், எலுமிச்சம்பழமும், வேப்பிலையும், கடைசியில் சாட்டையும் வருகின்றன. நெருப்புக்குத் தப்பி வந்தவளுக்கு உடுக்கைச் சத்தமும், மிளகாய்ப் புகையும், முடியைப் பிடித்து உலுக்குவதுமே சிகிச்சை! பயத்தால் வந்த வியாதியை இன்னும் அதிகப் பயத்தால் தீர்க்கலாம் என்கின்ற இந்த அறிவாளித்தனத்தை என்னவென்று சொல்லுவது?

இந்தப் பேய் சம்பந்தமாக நமக்கு ஒரு சந்தேகம் உண்டு. பட்டாசு அறையில் வெந்து செத்தவர்கள் பேயாய்த் திரிவது உண்மையானால், அவர்கள் முதலில் யாரைப் பிடித்திருக்க வேண்டும்? நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேரை அடைத்து வேலை வாங்கிய முதலாளியையா? அதைப் பார்த்தும் பாராதது போல் போன அதிகாரியையா? அல்லது, கூடவே உட்கார்ந்து கூலிக்கு மருந்து அடைத்த ஏழைப் பெண்ணையா? எந்தப் பேயும் மாடி வீட்டு முதலாளியைப் பிடித்ததாக நாம் கேட்டதில்லை. கூலிக்காரியையும், புதிதாய் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணையும், கேள்விமுறை இல்லாதவர்களையுமே பிடிக்கிறது. பேய்க்குக்கூட நம் நாட்டில் பணமும் அந்தஸ்தும் பார்த்து நடக்கத் தெரிந்திருக்கிறது போலும்!

நிற்க, இவ்வியாதி இன்னதென்று உலகம் தெரிந்துகொண்டு வெகுகாலம் ஆகிவிடவில்லை. வெள்ளைக்காரர்களும் ஆதியில் இதில் மூடர்களாகவே இருந்தார்கள். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலக யுத்தத்தில் பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவிலிருந்த சிப்பாய்கள் பலர், உடம்பில் காயமில்லாமலே நடுங்கியும், பேச்சு இழந்தும், கண் தெரியாமலும் போனார்கள். சார்லஸ் மையர்ஸ் என்னும் வைத்தியர் 1915-இல் இதைப்பற்றி வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். ஆனால், பட்டாள அதிகாரிகளோ இதைக் கோழைத்தனம் என்றார்கள். ஓடிப்போனது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காக அந்த யுத்தத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்தார் சுட்டுக்கொன்ற தங்கள் சிப்பாய்கள் 300 பேருக்கு மேல். அவர்களில் பலர் இவ்வியாதிக்காரர்களே என்று பின்னால் உணரப்பட்டு, 2006-இல் பார்லிமெண்டு சட்டம் செய்து மன்னிப்பு அளித்தது. செத்து 90 வருஷம் கழித்து வந்த மன்னிப்பு! அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தார் தங்கள் வியாதிப் பட்டியலில் இதற்குத் தனிப்பெயர் கொடுத்துச் சேர்த்ததே 1980-இல்தான். தமிழில் இதற்கு மனவடு என்று பெயர் சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் யுத்தத்தின் நடுவிலேயே மக்களுக்கு வைத்தியம் செய்துவந்த டாக்டர் தயா சோமசுந்தரம் அவர்கள் அந்தப் பெயரிலேயே தமிழில் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். யுத்தம் முடிந்த 2009-ஆம் வருஷத்தில் யாழ்ப்பாண ஜில்லாவில் வீடுவீடாகப் போய் விசாரித்ததில், நூற்றுக்கு 7 பேருக்கு இவ்வியாதி இருந்ததாய்க் கண்டார்கள்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, உலகில் நூற்றுக்கு 70 பேர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு பெரிய அதிர்ச்சிக்கு ஆளாகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு 5 அல்லது 6 பேருக்கே இவ்வியாதி நிலைக்கிறது. ஆகவே, இது வந்தவர்கள் மன உறுதி இல்லாதவர்கள் என்பதும் பொய். அதிர்ச்சி அடைந்தவர்களெல்லாம் பைத்தியமாகி விடுவார்கள் என்பதும் பொய். இது ஒரு வியாதி. வரும், வைத்தியத்துக்குக் கட்டுப்படும், தீரவும் தீரும். அவ்வளவுதான் சங்கதி.

இனி, இந்த வியாதிக்கும் தேகாப்பியாசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். பார்ப்போம். ஆபத்து வந்தால் இருதயம் வேகமாய் அடித்துக் கொள்ளுவதும், மூச்சு வாங்குவதும், தசைகள் முறுக்கேறுவதும் இயற்கை. ஓடித் தப்புவதற்காகவோ, எதிர்த்து நிற்பதற்காகவோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. ஆபத்து நீங்கினதும் அது அடங்க வேண்டும். மனவடுப் பட்டவருக்கு அது அடங்குவதில்லை. திருடன் போய் வருஷம் ஒன்றாகியும் காவல்காரன் தூங்காமல், நிழலைக் கண்டாலும் கூச்சல் போடுவதைப்போல, உடம்பு காவலிலேயே இருக்கிறது. நாளடைவில் அவர்களுக்குத் தங்கள் இருதயத் துடிப்பே பயமாகிவிடுகிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக் கொள்ளும். விபத்தன்றும் அப்படித்தானே அடித்துக் கொண்டது! உடனே அந்த நாளே திரும்பி வந்துவிட்டதாக மனம் நினைத்துக் கொள்ளுகிறது. ஆகையால் ஏறுவதில்லை, நடப்பதில்லை, வெளியில் வருவதில்லை. மூலையில் உட்கார்ந்து விடுகிறார்கள். ஆண்களானால் சாராயத்தையும் பீடியையும் துணைக்கு வைத்துக் கொள்ளுகிறார்கள். மனதில் வந்தது இவ்விதமாய் உடம்புக்கும் இறங்கி, கொழுப்பும், சர்க்கரை வியாதியும், இருதய வியாதியும் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகமாய் வருகின்றன என்பதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள்.

தேகாப்பியாசம் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுக்கிறது. தன் இஷ்டத்தினால் நடக்கும்போது நெஞ்சு அடிக்கிறது. ஆனால், ஆபத்து ஒன்றும் வரவில்லை. நின்றால் அது தானே அடங்குகிறது. இப்படிப் பத்து நாள், இருபது நாள் பழகப் பழக, நெஞ்சு அடிப்பது வேறு, ஆபத்து வருவது வேறு என்பதை உடம்பு கற்றுக் கொள்ளுகிறது. உடம்பு களைத்தால் தூக்கம் வருகிறது. வெளியில் நாலு பேரைப் பார்க்க நேரிடுகிறது. என் உடம்பு என் சொல்லைக் கேட்கிறது என்கின்ற தைரியம் திரும்புகிறது. சுயமரியாதை என்பதும் அதிலிருந்துதானே ஆரம்பிக்க வேண்டும்?

இது நம் சொந்த யூகமல்ல. ஆஸ்திரேலியாவில் இவ்வியாதிக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த 81 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான வைத்தியமும், மற்றொரு பிரிவினருக்கு அதே வைத்தியத்துடன் 12 வாரத்துக்கு வாரம் மூன்று தடவை அரைமணி நேரத் தசைப்பயிற்சியும், நடைப்பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். தேகாப்பியாசம் சேர்ந்த பிரிவினருக்கே வியாதி அதிகமாய்க் குறைந்தது என்று 2015-இல் வெளியிட்டார்கள். அதே வருஷத்தில், இப்படிச் செய்த 4 பரீட்சைகளைச் சேர்த்து, மொத்தம் 200 பேரை வைத்துக் கணக்குப் பார்த்தபோதும் நன்மையே தெரிந்தது. 200 பேர் என்பது பெரிய தொகையல்ல என்பதையும் நாமே சொல்லிவிடுகிறோம். கோடாங்கியைப்போல ஒரே இராத்திரியில் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. பயந்த நினைவைப் பக்குவமாய் எடுத்துப் பேசித் தீர்க்கும் மனநல வைத்தியமே இவ்வியாதிக்கு முக்கிய சிகிச்சை. தேகாப்பியாசம் அதற்குத் துணையே ஒழிய அதற்குப் பதில் அல்ல. ஓடினால் போதும், டாக்டர் வேண்டாம் என்று எவனாவது சொன்னால், அவனும் உடுக்கை இல்லாத கோடாங்கியே ஆவான்.

இதைக் கேட்டதும் வைதிகர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். சாமியாடுவதும், பூக்குழி இறங்குவதும், தேர் இழுப்பதும் தேகாப்பியாசம்தானே என்பார்கள். தேர் இழுக்க உடம்பில் பலம் வேண்டுமென்பதை நாம் ஒப்புக் கொள்ளுகிறோம். சீவில்லிபுத்தூர்த் தேரை இழுக்கின்ற பலம் இருக்கிற மக்களுக்குத் தங்கள் ஊரில் ஒரு மைதானம் கேட்டு வாங்கும் பலம் மாத்திரம் இல்லாமல் போனதே என்பதுதான் நம் வருத்தம். ஆனால், தன்னிலை இழந்து ஆடுவது வேறு, தன்னறிவோடு உடம்பைப் பழக்குவது வேறு. முன்னதில் உடம்பு சாமிக்குச் சொந்தம். பின்னதில் உடம்பு அவனவனுக்குச் சொந்தம். மனவடுப் பட்டவனுக்கு வேண்டியது பின்னதே.

இன்னொரு கூட்டத்தார், கோயிலில் போய்த் தங்கினவர்களுக்குக் குணமாகிறதே என்பார்கள். இதற்கும் ஆராய்ச்சி உண்டு. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த கடுமையான மனநோயாளிகள் 31 பேரைப் பரிசோதித்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் எழுதினார்கள். சுமார் ஆறு வாரத்தில் அவர்களுடைய வியாதிக்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மறைக்காமல் சொல்லுகிறோம். ஆனால், அங்கே அவர்கள் செய்தது என்ன? காலையில் சுருக்கமாய் ஒரு பூசை. மற்ற நேரமெல்லாம் பெருக்குவதும், செடிக்குத் தண்ணீர் விடுவதும் போன்ற வேலை. அடி உதை இல்லை, பேயோட்டுதல் இல்லை, வீட்டுச் சண்டை இல்லை, கூட இருக்க உறவினர் உண்டு. பயமில்லாத அந்த ஆதரவான இடமே காரணமாயிருக்கலாம் என்று அந்த ஆராய்ச்சிக்காரர்களே எழுதினார்கள். அப்படியானால், பயமில்லாத இடமும், நல்ல துணையும், கைகாலுக்கு வேலையும் கொடுக்க ஒரு கோபுரமும் அதற்கு ஒரு அர்ச்சகரும் உண்டியலும் அவசியந்தானா? செடிக்குத் தண்ணீர் விட்டவன் குணமானால், நன்றி செடிக்கா, சிலைக்கா?

எல்லாப் புண்ணிய ஸ்தலத்திலும் கதை இப்படி நல்லவிதமாய் முடிவதுமில்லை. 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி, இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பி எல்லா மதத்தாரும் கொண்டுவந்து விட்ட மனநோயாளிகள் தங்கியிருந்த ஒரு விடுதியின் கொட்டகை தீப்பற்றிக் கொண்டது. அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். இந்துவின் கடவுளும் காப்பாற்றவில்லை, முஸ்லீமின் கடவுளும் காப்பாற்றவில்லை. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017-ஆம் வருஷத்து மனநல மருத்துவச் சட்டம் தடுத்திருக்கிறது. 2018 மே 29 முதல் அது அமுலில் இருக்கிறது. ஆனால், இரும்புச் சங்கிலிதான் சங்கிலி என்று நினைத்துக் கொள்ளாதீர்கள். பேய் பிடித்தவள் என்று சொல்லி அறையில் பூட்டி வைப்பதும் சங்கிலியே.

யோகாசனக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெடுநாள் மனவடுப் பட்ட 64 பெண்களை வைத்து அமெரிக்காவில் 10 வாரம் பரீட்சை பார்த்து 2014-இல் வெளியிட்டதில், யோகாசனம் பழகின பிரிவில் பாதிப்பேருக்கு மேல் அவ்வியாதியின் வரையறையிலிருந்து விடுபட்டார்கள். மற்றப் பிரிவில் ஐந்தில் ஒரு பங்கினரே விடுபட்டார்கள். உடம்பை வளைப்பதிலும் மூச்சைப் பழக்குவதிலும் நமக்கு எவ்வித விரோதமும் இல்லை. அதனோடு ஒரு மந்திரத்தையும், ஒரு சாமியாரையும், அவருடைய ஆசிரமச் சந்தாவையும் ஒட்டி விற்பதில்தான் நமக்கு விரோதம். குணம் செய்தது ஆசனமா, மந்திரமா என்று கேட்டால் மாத்திரம் அவர்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. நட, ஓடு, விளையாடு என்று சொல்லுவது சுலபம். நடப்பதற்குத் தெரு வேண்டாமா? நம் கிராமங்களில் தெரு எல்லோருக்கும் பொதுவா? மனவடு என்பது வெடியினால் மாத்திரம் வருவதல்ல. சாதியினாலும் வருகிறது. 1997-இல் இதே விருதுநகர் ஜில்லாவில் ஓடும் அரசாங்க பஸ்களுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, தாழ்த்தப்பட்ட சமூகத்தாரின் பெயர் தாங்கின பஸ்ஸில் ஏறமாட்டோமென்று ஒரு கூட்டத்தார் கிளம்பி, அது கலவரமாய்ப் பரவி, உயிர்கள் போயின. கடைசியில் எல்லா ஜில்லாக்களுக்கும் பஸ் கம்பெனிகளுக்கும் இருந்த தலைவர்கள் பெயர்களையே சர்க்கார் எடுத்துவிட்டது. பெயர் போயிற்று, பஸ் ஓடுகிறது. ஆனால், அந்த இரவுகளில் வீட்டை விட்டு ஓடின பிள்ளைகளுக்கு இன்றும் தெருவில் கூச்சல் கேட்டால் நெஞ்சு அடித்துக் கொள்ளாதா? அவர்களிடம் போய், காலையில் ஊரைச் சுற்றி நடந்துவா என்று வைத்தியர் சொன்னால், எந்தத் தெரு வழியாய் நடப்பது என்று அவர்கள் கேட்பார்களே, அதற்கு என்ன பதில்?

பெண்கள் நிலைமையும் இதுவே. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு பெண்களுக்கும் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. 60 வருஷம் கழித்து, 1989-இல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. சொத்தில் பங்கு வந்துவிட்டது. தெருவில் பங்கு வந்ததா? காரணமில்லாமல் ஒரு பெண் அரைமணி நேரம் வேகமாய் நடந்தால் எங்கே போகிறாள் என்று கேட்கிறார்கள். தண்ணீர்க் குடத்தோடு நடந்தால் ஒருவரும் கேட்பதில்லை. அவள் நடை வீட்டுக்கு உபயோகப்பட்டால் நியாயம், அவளுக்கே உபயோகப்பட்டால் அநியாயம்!

வீட்டு வேலையும் கூலி வேலையும் போதாதா, அதற்கு மேல் தேகாப்பியாசம் எதற்கு என்றும் சிலர் கேட்பார்கள். உழைப்பினால் உடம்பு அசைகிறது, வாஸ்தவம். ஆனால், மேஸ்திரியின் அதட்டலுக்குப் பயந்துகொண்டு, அதே மருந்து வாடையில், அடுத்த வெடி எப்போது என்று எண்ணிக்கொண்டு செய்யும் வேலை மனவடுவை ஆற்றுமா? தன் இஷ்டத்துக்குத் தொடங்கி, தன் இஷ்டத்துக்கு நிறுத்தும் உரிமை இருப்பதே தேகாப்பியாசத்தின் சாரம். அந்த உரிமை நம் கூலிக்காரர்களுக்கு ஒரு நாளில் அரைமணி நேரங்கூட இல்லை.

ஆகவே, சோழபுரம் முதலிய ஊர்த் தோழர்கள் செய்ய வேண்டியது இதுவென்று நமக்குத் தோன்றுகிறது. எந்தச் சாதியாரும் தடையின்றி வரக்கூடிய ஒரு பொது மைதானமும், பெண்களுக்கென்று அதில் ஒரு நேரமும் பஞ்சாயத்தில் கேட்டு வாங்குங்கள். அதிர்ச்சியடைந்தவரைத் தனியே விடாமல் ஒரு துணையோடு, பகலில், முதலில் பத்து நிமிஷம் நடக்கச் செய்யுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் நீட்டலாம். வாரத்தில் 150 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனம் பெரியவர்களுக்கெல்லாம் சொல்லும் அளவு. ஆனால், மனவடுப் பட்டவருக்கு முதல் வாரத்திலேயே அந்த அளவு வேண்டாம். திடீரென்று விசில் ஊதுவதும், பின்னாலிருந்து தட்டுவதும், பட்டாசு கொளுத்துவதும் அவ்விடத்தில் கூடாது. வேண்டாமென்றால் வற்புறுத்தக் கூடாது. ஆண்பிள்ளையாய் இரு, அழாதே என்று புத்தி சொல்லவும் கூடாது. தீக்காயமோ, இருதய வியாதியோ இருந்தால் டாக்டரைக் கேட்டே ஆரம்பிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேலும் பயமும் தூக்கமின்மையும் நீடித்தால், சர்க்கார் ஆஸ்பத்திரியின் மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 2022 முதல் 14416 என்ற நம்பருக்குக் காசில்லாமல் டெலிபோன் செய்து தமிழிலேயே யோசனை கேட்கலாம். கோடாங்கிக்குக் கொடுக்கும் சேவலின் விலைகூட இதற்கு ஆகாது.

சர்க்காரையும் முதலாளிகளையும் நாம் கேட்பது இது. செத்தவருக்கும் உடம்பில் காயம்பட்டவருக்கும் மாத்திரம் நஷ்டஈடு என்கின்ற வழக்கத்தை விடுங்கள். பிழைத்து வந்த ஒவ்வொருவருக்கும், மாண்டவர் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும், மனநல வைத்தியமும் அது முடியும் வரையில் கூலியும் கொடுக்க வேண்டும். அது தர்மமல்ல, கடன். எல்லாவற்றுக்கும் மேலாக, வெடியாத தொழிற்சாலையை நடத்துங்கள். நெருப்பை மூட்டிவிட்டு, வெந்தவர்களுக்கு நடைப்பயிற்சி சொல்லிக் கொடுப்பது வைத்தியமாகாது.

இராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டுகிற பாண்டேஜ் துணி நெய்து எங்கெங்கோ அனுப்புகிறார்கள். ஊரார் காயத்துக்கெல்லாம் துணி நெய்து கொடுக்கும் அந்தச் சீமையில், சொந்த மக்களின் மனக்காயத்துக்குச் சாட்டையும் வேப்பிலையுமா மருந்து? பேய் என்று ஒன்று இல்லை. பயம் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமானவர்களும் இருக்கிறார்கள். பயந்தவனைக் கட்டிப்போடாமல் கைபிடித்து நடத்துங்கள்; பயமுறுத்தினவனைத் தப்பவிடாமல் கேள்வி கேளுங்கள் என்று வற்புறுத்திச் சொல்லி, இதை முடிக்கிறோம்.